எந்த அயல்மொழியைக் கற்பது? முதன்முறை தேர்வு செய்பவர்களுக்கு

எந்த மொழி படித்தால் பயன் அதிகம் என்று யோசிப்பவர்கள் முதலில் போய்ப் பார்ப்பது, உலகில் அதிகம் பேர் பேசும் மொழிகளின் பட்டியலைத்தான். மாண்டரின் சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 90 கோடிக்கும் மேல். ஸ்பானியத்துக்கு ஏறத்தாழ 50 கோடி. எண்கள் சரிதான். ஆனால் 90 கோடிப் பேரோடும் யாரும் பேசப் போவதில்லை. நீங்கள் பேசப் போவது ஒரு மேலாளரோடு, ஒரு நோயாளியோடு, ஒரு பேராசிரியரோடு, அல்லது கட்டிக்கொண்டவரின் அம்மாவோடு. அந்தச் சிலர் யார் என்று தெரிந்துவிட்டால், மொழி பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. மொழித் தேர்வு பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்காக எழுதப்பட்டது. அவர்களுக்குக் கடினமானது எல்லாம் நமக்கும் கடினம் என்றில்லை. அவர்களுக்கு எளிது என்பதும் நமக்கு எளிதாக இருக்க வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் தன் கணக்கைத் தானே போட வேண்டும். அதற்கான படிகள்தான் இவை.

முதல் படி: காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

"ஜெர்மன் தெரிந்தால் நல்லது" என்பது காரணம் ஆகாது. "இரண்டு ஆண்டுக்குள் ஜெர்மனியில் செவிலியர் வேலைக்குப் போக வேண்டும்" என்பது காரணம். யாரோடு, எங்கே, எப்போதைக்குள் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். எழுத வரவில்லை என்றால் ஒரு வாரம் பொறுங்கள். அதற்குள் எந்த வகுப்பிலும் பணம் கட்டாதீர்கள்.

காரணம் வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு நாட்டின் நாவல்களை மூலத்தில் படிக்க வேண்டும், ஒரு தொடரைத் துணையெழுத்து இல்லாமல் பார்க்க வேண்டும் என்ற ஆசையைச் சிலர் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம். மூன்றாவது ஆண்டிலும் புத்தகத்தைத் திறக்க வைப்பது பல நேரம் அந்த ஆசைதான். சம்பளத்தை மட்டும் நினைத்துத் தொடங்கியவர்கள், வேலைச் சந்தை கொஞ்சம் மந்தமானதும் நிறுத்திவிடுவதுண்டு.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை ஒளிவுமறைவின்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் காரணத்துக்கு ஆங்கிலமே போதுமா? நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் முதுகலைப் படிப்புகள் பல ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. மென்பொருள் துறையில் பன்னாட்டுக் குழுக்கள் பலவற்றின் பொதுமொழி ஆங்கிலம். ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதவும் நேர்காணலில் பேசவும் இன்னும் தயக்கம் இருந்தால், நீங்கள் தேடும் அயல்மொழி ஆங்கிலம்தான். அதை முடித்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள். அயல்மொழிப் பாடநூல்கள், காணொளிகள், அகராதிகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாகவே கற்பிக்கின்றன என்பதால், அந்த உழைப்பு வீணாகாது.

இரண்டாம் படி: போகுமிடம் எந்த நிலையைக் கேட்கிறது?

ஐரோப்பியக் கவுன்சில் 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித் திறனை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஏ1 என்றால் பெயர், ஊர், விலை கேட்டுச் சமாளிக்கலாம். பி1-இல் அன்றாட வாழ்க்கை ஓடும். பி2-இல்தான் பெரும்பாலான அலுவலகங்களும் மருத்துவமனைகளும் உங்களை நம்பி வேலை கொடுக்கும். "மொழி கற்க எவ்வளவு காலம்?" என்று கேட்பதைவிட "எந்த நிலை வரை எவ்வளவு காலம்?" என்று கேளுங்கள்.

சில உதாரணங்கள். ஜெர்மனியில் செவிலியராகப் பதிவு பெறப் பொதுவாக பி2 வேண்டும். மருத்துவர்களுக்குப் பொது மொழியில் பி2 போதாது. மருத்துவ மொழியில் சி1 அளவுக்குத் தனித் தேர்வு உண்டு. ஜெர்மன் வழி இளங்கலைப் படிப்புக்குப் பெரும்பாலும் சி1 கேட்பார்கள். ஆனால் 2024 ஜூனில் அங்கே அறிமுகமான வேலை தேடுவோருக்கான 'வாய்ப்பு அட்டை'க்கு ஜெர்மனில் ஏ1, அல்லது ஆங்கிலத்தில் பி2 இருந்தால் மொழித் தகுதி நிறைவேறிவிடும். ஒரே நாடு, ஒரே மொழி. கேட்கும் நிலை மட்டும் ஏ1-இலிருந்து சி1 வரை மாறுகிறது. இடையில் இருப்பது சில ஆண்டு உழைப்பு.

ஜப்பான் 2019 ஏப்ரலில் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன் தொழிலாளர்' விசாவுக்கு ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலை, அல்லது ஜே.எஃப்.டி. பேசிக் என்ற இன்னொரு ஜப்பானியத் தேர்வில் தேர்ச்சி தேவை. முதியோர் பராமரிப்புப் பணிக்கு அதோடு இன்னொரு மொழித் தேர்வும் எழுத வேண்டும். என்5 கடைநிலை, என்1 உச்சம். அலுவலக வேலைகள் பலவற்றுக்கு என்2 எதிர்பார்க்கப்படுகிறது. கனடா 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தனிப் பிரிவாக வைத்து நிரந்தர வசிப்புரிமைக்கு அழைக்கிறது. இதற்காகவே பிரெஞ்சு கற்பவர்கள் இப்போது நிறைய.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். முகவர் சொல்வதையோ பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்த நாட்டின் தூதரகப் பக்கத்தையும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தையும் நீங்களே திறந்து பாருங்கள். வேலை விளம்பரங்களில் ஒரு பத்துப் பதினைந்தை எடுத்து, மொழி பற்றி என்ன கேட்டிருக்கிறார்கள் என்று குறித்து வையுங்கள். அந்த ஒரு மாலை வேலை, பல மாத வீண் படிப்பைத் தவிர்க்கும்.

சான்றிதழ்களின் ஆயுளையும் பாருங்கள். பிரெஞ்சின் டெல்ஃப், ஸ்பானியத்தின் டெலே ஆகியவை ஆயுள் முழுதும் செல்லும். கனடாவுக்காக எழுதும் டி.ஈ.எஃப்., டி.சி.எஃப். ஆகிய பிரெஞ்சுத் தேர்வுகளும் கொரிய மொழித் தேர்வான டோபிக்கும் இரண்டு ஆண்டுகளில் காலாவதியாகும். இவற்றை அவசரப்பட்டு முன்கூட்டியே எழுதினால் விண்ணப்பிக்கும் நேரத்தில் மறுபடி எழுத வேண்டி வரும்.

மூன்றாம் படி: மணிக்கணக்கு போடுங்கள்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க ஆகும் காலத்தைப் பட்டியலிட்டிருக்கிறது. ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், போர்த்துகீசியம் ஆகியவற்றுக்கு 24 முதல் 30 வாரம். ஜெர்மன், இந்தோனேசியம், மலாய் 36 வாரம். ரஷ்யம் உள்ளிட்ட பல மொழிகள் 44 வாரம். அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் 88 வாரம். எல்லாம் முழுநேரப் பயிற்சி. வாரத்துக்கு 20 மணிக்கு மேல் வகுப்பு, அதற்கு மேல் வீட்டுப் படிப்பு. வேலையில் நன்றாகப் பேசி எழுதும் அளவுக்கான கணக்கு இது.

நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குபவருக்கு ஆண்டுக்கு 365 மணி. இந்தக் கணக்கில் ஸ்பானியத்துக்கு இரண்டு ஆண்டு, ஜப்பானியத்துக்கு ஆறு ஆண்டுக்கு மேல். உங்கள் கெடு 18 மாதம் என்றால், எந்த மொழி எட்டாது என்பது இங்கேயே தெரிந்துவிடும். கெடுவைத் தள்ளுங்கள், நாளுக்கு இரண்டு மணி நேரமாக்குங்கள், அல்லது கீழ்நிலைச் சான்றிதழ் போதுமான வழி ஒன்றைத் தேடுங்கள்.

ஆனால் அதே பட்டியலில் 44 வார வரிசையில் தமிழும் இருக்கிறது. ஆங்கிலேயர், அமெரிக்கர் நிற்கும் இடத்திலிருந்து அளந்த தூரம் அது. நாம் நிற்கும் இடம் வேறு.

நான்காம் படி: உங்கள் தமிழைக் கணக்கில் சேருங்கள்

மற்ற வழிகாட்டிகளில் இது கிடைக்காது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஜப்பானியத்தில் வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். 'டோக்கியோ கரா ஒசாகா மதே' என்றால் 'டோக்கியோவிலிருந்து ஒசாகா வரை'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'நேற்று வந்த ஆள்' என்பதை 'கினோ கிதா ஹிதோ' என்பார்கள்: கினோ நேற்று, கிதா வந்த, ஹிதோ ஆள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பழக மாதங்கள் ஆகும். நமக்குப் புரட்டவே வேண்டியதில்லை. துணைவினைகள் இன்னும் வியப்பு. 'யோந்தே மிரு' என்றால் 'படித்துப் பார்'. 'மிரு' என்பது கண்ணால் பார்ப்பதற்கான அதே வினை. 'கத்தே ஒகு' என்றால் 'வாங்கி வை'. 'ஒகு' என்பது பொருளை ஓரிடத்தில் வைப்பதற்கான அதே வினை. மேற்கோளுக்குப் பின் 'தோ' போடுவது நம் 'என்று' போலவே. குறில் நெடில் வேறுபாடும், 'பட', 'பட்ட' என்பதில் உள்ளது போன்ற இரட்டிப்பும் அங்கே பொருளை மாற்றும். ஆங்கிலக் காதுக்கு அது கடினம். நம் காது சிறுவயதிலேயே பழகியது.

கொரியமும் இதே கட்டமைப்புதான். அதன் எழுத்தான ஹங்குல் 1443-இல் உருவாக்கப்பட்டு 1446-இல் அறிவிக்கப்பட்டது. அடிப்படை எழுத்துகள் 24. ஒரு வாரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். 'கடல்' என்பதில் ஒரு விதமாகவும் 'தங்கம்' என்பதில் வேறு விதமாகவும் நாம் ககரத்தைச் சொல்கிறோம், எழுத்து ஒன்றுதான். கொரிய எழுத்திலும் சொல்லின் தொடக்கத்துக்கும் மெல்லொலிக்குப் பின்னும் இதே மாற்றம் நடக்கிறது. சிரமம் எங்கே என்றால், மூச்சோடு வரும் ஒலியையும் இறுக்கிச் சொல்லும் ஒலியையும் பிரித்துக் கேட்பதில். மரியாதைப் படிநிலைகளும் நீ, நீங்கள் என்பதைவிட அதிகம்.

இந்த ஒற்றுமைகளைக் கண்டு இரண்டும் தமிழிலிருந்து பிறந்தவை என்று சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஜப்பானிய மொழியியலாளர் ஸுஸுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. கற்பவருக்கு உறவு வேண்டாம், ஒப்புமை போதும்.

பேச்சில் கிடைக்கும் இந்தச் சலுகை ஜப்பானிய எழுத்தில் கிடைக்காது. ஹிரகானா 46, கதகானா 46 போக, அன்றாடப் பயன்பாட்டுக்கு அரசு வகுத்த காஞ்சி எழுத்துகளே 2,136. பேசினால் போதும் என்பவருக்கு ஜப்பானியம் பட்டியல் சொல்வதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. அறிக்கைகள் படிக்க வேண்டியவருக்குத் தூரம் குறையவில்லை.

அரபைத் தேர்ந்தெடுப்பவர்களை மிரட்டும் விஷயம் அதன் இரட்டை வழக்கு. செய்தி, அலுவலகக் கடிதம், நூல் எல்லாம் பொது எழுத்தரபில். வீட்டிலும் தெருவிலும் பேசுவது வளைகுடா, எகிப்து, லெவந்து (சிரியா, லெபனான் பகுதி), மொரோக்கோ என்று ஊருக்கு ஊர் வேறு. மேடைத் தமிழும் வீட்டுத் தமிழும் வேறாக வளர்ந்தவருக்கு இது அதிர்ச்சியே அல்ல. ஆனால் எதைக் கற்கப் போகிறீர்கள் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். வளைகுடாவில் ஆட்களோடு பழகுவதற்காக எழுத்தரபை மட்டும் இரண்டு ஆண்டு படித்தவர், தெருவில் வாய் திறக்கத் திணறுவார். தொண்டையில் பிறக்கும் ஒலிகளுக்கும், குறில் உயிர்கள் எழுதப்படாத எழுத்துமுறைக்கும் தனியாக நேரம் வையுங்கள்.

மலாயும் இந்தோனேசியமும் குறைத்து மதிப்பிடப்படும் மொழிகள் என்பது என் உறுதியான கருத்து. இந்தோனேசியாவின் மக்கள்தொகை 27 கோடிக்கும் மேல். ரோமன் எழுத்து, காலத்துக்கேற்ப வினை மாறாது, பெயருக்குப் பால் இல்லை. 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடுகூட 'கித்தா', 'காமி' என்று அங்கே இருக்கிறது. இதுவரை எந்த அயல்மொழியும் கைகூடாமல் மனம் சோர்ந்தவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஐரோப்பிய மொழிகளில் நமக்குத் துணை வருவது தமிழைவிட ஆங்கிலம். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் புகுந்த சொற்கள் ஏராளம் என்பதால், பிரெஞ்சும் ஸ்பானியமும் சொல்வளத்தில் பாதி தெரிந்த மொழிகள் போலிருக்கும். ஸ்பானியம் எழுதியபடியே வாசிக்கப்படும். 'பேசுகிறேன்' என்பதில் 'நான்' அடங்கியிருப்பது போல 'ஆப்லோ' என்பதிலும் அடங்கியிருக்கிறது. நமக்குப் புதிது இலக்கணப் பால். உயர்திணை, அஃறிணை என்று பொருள் பார்த்துப் பிரித்துப் பழகிய மூளைக்கு, மேசை பெண்பால் என்பதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஜெர்மனில் மூன்று பால், நான்கு வேற்றுமை. எட்டு வேற்றுமை படித்த நமக்கு வேற்றுமை பயமில்லை; துணைவாக்கியத்தில் வினை கடைசிக்குப் போவதும் இயல்பாகவே வரும். பால்தான் படுத்தும். ரஷ்யத்தில் ஆறு வேற்றுமை. 33 எழுத்துகளைப் பழகுவது எளிது, செயல் முடிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும் வினைகளின் இரட்டை வடிவம்தான் நெடுநாள் வேலை.

மாண்டரினில் வினை திரிவதே இல்லை, பாலும் இல்லை. நான்கு தொனிகளும் எழுத்துகளும்தான் உழைப்பு கேட்பவை. சீனப் பெருநிலத்துக்கும் சிங்கப்பூருக்கும் எளிமையாக்கிய எழுத்து, தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் மரபெழுத்து. இரண்டில் ஒன்றைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வாரம் ஒருமுறையாவது பேச ஆள் இருக்கிறாரா?

மிகப் பொருத்தமான மொழியானாலும், ஆசிரியரும் பேச்சுத் துணையும் கிடைக்கவில்லை என்றால் நிலைக்காது. நேர்முக வகுப்பு, இணையவழி ஆசிரியர், மொழிப் பரிமாற்றத் துணை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உறுதியாக வேண்டும். இணையத்தில் ஆள் தேடினால் நேர வித்தியாசத்தையும் பாருங்கள். அவர்களுக்கு ஓய்வான நேரம் உங்களுக்கு நள்ளிரவாக இருக்கக் கூடாது.

தேர்வை மட்டும் நம்பிப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஜே.எல்.பி.டி.யில் பேசும் திறனையோ சொந்தமாக எழுதும் திறனையோ சோதிக்கும் பகுதி கிடையாது. என்2 சான்றிதழ் வைத்துக்கொண்டு நேர்காணலில் நான்கு வாக்கியம் பேச முடியாதவர்கள் இருக்கிறார்கள். பயிற்சி நிலையத்தில் சேரும் முன், வகுப்பு நேரத்தில் மாணவர் பேசுவது எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத இடத்தை நான் தவிர்ப்பேன்.

கைப்பேசியின் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வரும். பயணத்தில் பெயர்ப்பலகை படிக்கவும் ஒரு கடிதத்தின் சாரம் அறியவும் செயலி போதும். அதற்காக மட்டும் மொழி கற்க வேண்டாம். வலியில் முனகும் நோயாளியோடும், கூட்டத்தில் குறுக்கிட்டுப் பேசும் சக ஊழியர்களோடும் பழக அது உதவாது. விசா அலுவலகமும் உங்கள் தேர்ச்சியைத்தான் கேட்கும்.

ஆறாம் படி: இரண்டு மொழிகளை வைத்துச் சோதித்துப் பாருங்கள்

இதுவரை வந்தால் பட்டியலில் இரண்டு மொழிகள் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், நாளுக்கு அரை மணி நேரம் கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் தொடாதீர்கள். முதல் வாரம் எழுத்தும் ஒலியும். இரண்டாம் வாரம், உங்கள் காரணத்தோடு ஒட்டிய இருபது வாக்கியங்கள்: செவிலியருக்கு 'எங்கே வலிக்கிறது?', மாணவருக்கு 'இன்னொருமுறை சொல்ல முடியுமா?'. பாடநூலின் பொது வாக்கியங்களைவிட இவை உண்மையைச் சொல்லும். முடிவில் ஓர் ஆசிரியரோடு ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள்.

சோதனையில் கவனிக்க வேண்டியது மதிப்பெண் அல்ல. யாரும் சொல்லாமலே மறுநாள் புத்தகத்தை எடுத்தீர்களா? வேறு வேலையின் நடுவே அந்த வாக்கியங்கள் வாயில் வந்தனவா? பயன் சமமாக இருக்கும் இரண்டு மொழிகளில், கை தானாக நீளும் மொழியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியாதவர்களுக்கு என் தீர்ப்புகள்: மருத்துவப் பணியோடு குடிபெயர நினைப்பவருக்கு ஜெர்மன். கனடாவுக்கோ மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் தொண்டுப் பணிக்கோ போகிறவருக்கு பிரெஞ்சு. ஐ.நா. செயலகத்தின் பணிமொழிகளும் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான். ஆனால் மாலி தன் 2023 அரசமைப்பில் பிரெஞ்சை ஆட்சிமொழி நிலையிலிருந்து விலக்கியது. ஆப்பிரிக்காவில் குறிப்பிட்ட நாடு மனத்தில் இருந்தால் அங்குள்ள நிலவரத்தைத் தனியாகப் பாருங்கள். தென் அமெரிக்கா என்றால் ஸ்பானியம், பிரேசில் மட்டும் என்றால் போர்த்துகீசியம். எந்தக் கட்டாயமும் இல்லை, ஆர்வம் மட்டுமே என்றால் கொரியம் அல்லது ஜப்பானியம். தமிழின் துணை அங்கேதான் மிகுதி.

தேர்ந்தெடுத்த பின்

பி1 எட்டும் வரை அடுத்த மொழியைத் தொடாதீர்கள். ஏ2-இல் நிற்கும் மூன்று மொழிகளுக்கு யாரும் வேலை தருவதில்லை, அவை மறந்தும் போகும்.

சலிப்பு வரும், பெரும்பாலும் ஏ2-க்கும் பி1-க்கும் இடையில். அப்போது மொழியை மாற்றாமல் முதலில் பாடநூலை மாற்றுங்கள், பிறகு ஆசிரியரை. மொழியையே கைவிடுவது எப்போது நியாயம் என்றால், முதல் படியில் எழுதிய காரணம் இல்லாமல் போனால் மட்டும்: அந்த நாட்டுக்குப் போகும் திட்டம் மாறியது, விதி மாறியது, துறை மாறியது. அப்படி நடந்தால் வருத்தமின்றி நிறுத்திவிட்டு முதல் படிக்குத் திரும்புங்கள்.

தொடர்கிறீர்கள் என்றால், இலக்குத் தேர்வின் நாளை இன்றே பார்த்துக் குறியுங்கள். ஜே.எல்.பி.டி. ஜூலையிலும் டிசம்பரிலும் மட்டுமே நடக்கும், சில நாடுகளில் ஆண்டுக்கு ஒருமுறைதான். பதிவு சில மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும்; அதைத் தவறவிட்டால் அரை ஆண்டோ ஓர் ஆண்டோ காத்திருக்க வேண்டியிருக்கும்.